ராயபுரம் ரயிலும் எண்ணூர் இருட்டும்: எட்டு ஸ்டாப் கணக்கு

போன ஜனவரியில் ஒரு அமாவாசை ராத்திரி, எண்ணூர் முகத்துவாரத்துக்குத் தெற்கே மணலில் ட்ரைபாட் போட்டு நின்றுகொண்டிருந்தேன். கேமராவின் முகம் வடக்கே. ஒரே படத்தில் இரண்டு விஷயம் வேண்டும்: கீழே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் துறைமுக விளக்குகளும், அவற்றுக்கு மேலே துருவ நட்சத்திரம்.

கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? துருவ நட்சத்திரம் ஒன்றும் மங்கலானது கிடையாது. எங்கே இருக்கும் என்பதும் தெரியும். வடக்கே பார்த்து நின்றால், நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே எத்தனை டிகிரியோ, அத்தனை டிகிரி உயரத்தில் அது நிற்கும். சென்னை 13 டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் சுமார் 10 டிகிரி. ஆக அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே.

வடமேற்கில் காசியோப்பியாவின் 'டபிள்யூ' வடிவம் தட்டுத் தடுமாறித் தெரிந்தது. அதை வைத்து இடத்தைக் கணித்துக்கொண்டேன். கண்ணால் பார்த்தேன், ஒன்றுமில்லை. படம் எடுத்தேன். விளக்குகள் எல்லாம் வெள்ளைக் குமிழ்களாக வெடித்திருந்தன, வானம் சாம்பல் பூத்த மஞ்சளாக இருந்தது, நட்சத்திரம் இல்லை. வானத்தை அடக்கி எடுத்தேன். விளக்குகள் அழகாக வந்தன, வானம் கரிக்கட்டை. நட்சத்திரம் இல்லை.

பக்கத்தில் ஃபைபர் போட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, அமாவாசை இருட்டுல இன்னாத்த படம் புடிக்கிற?"

சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் வடக்கே நீட்டினார். நான் கணித்து வைத்திருந்த அதே இடம்.

"வடக்க நிக்கிற வெள்ளிதானே? அங்கதான் இருக்கும். எங்கப்பா அத்த வெச்சுத்தான் கரைக்கு வருவாரு. இப்போ யாரு பாக்குறா? எனக்கே தெரிஞ்சு எவ்ளோ வருஷம் ஆச்சு."

தோல்வியோடு வீட்டுக்கு வந்தேன். எந்த செட்டிங் வைத்திருக்க வேண்டும் என்று தேட ஆரம்பித்த வேலை, வழக்கம்போல என்னை வேறு எங்கோ கொண்டுபோய் விட்டது. 1856க்கு.

1856ல் நடந்த மூன்று விஷயங்கள்

ஒன்று, எங்கள் வடசென்னைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓட ஆரம்பித்தது. அந்த நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது.

இரண்டு, அதே ஆண்டு சென்னை மாகாண அரசு, லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ கேப்டனை அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது. மதுரை, தஞ்சாவூர் கோவில்களின் மிகப் பழைய படங்கள் என்று நாம் இணையத்தில் பார்ப்பவற்றில் பல அவர் எடுத்தவை.

மூன்றாவது நடந்தது இங்கிலாந்தில். ஆக்ஸ்ஃபோர்டில் ராட்கிளிஃப் ஆய்வகத்தில் வேலை பார்த்த நார்மன் பாக்சன் என்ற இளைஞர், சிறுகோள்களின் பிரகாசத்தை முன்கூட்டிக் கணித்து ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். அதில் போகிற போக்கில் ஒரு யோசனை சொன்னார். நட்சத்திரங்களைப் பிரகாசத்தை வைத்து முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று ஆறு வகுப்பாகப் பிரிப்பது கிரேக்கர் காலத்துப் பழக்கம். ஆனால் ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் சரியாக எத்தனை மடங்கு வித்தியாசம் என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருந்தது. பாக்சன், அதை 2.512 மடங்கு என்று வைத்துக்கொள்வோம் என்றார். ஐந்து படி இறங்கினால் சரியாக 100 மடங்கு வரும், கணக்குப் போட வசதி. உலகம் முழுக்க இன்றைக்கும் இதே அளவுகோல்தான். இதைத்தான் மேக்னிடியூட் என்கிறோம். எண் கூடக்கூட நட்சத்திரம் மங்கல்.

இந்த பாக்சன்தான் 1861ல் அரசு வானியலாளராக நம் ஊருக்கு வந்து, 1891ல் இறக்கும் வரை முப்பது ஆண்டுகள் நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தை நடத்தினார். வந்த சில மாதங்களிலேயே, ஏப்ரலில், இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஏசியா' என்றே பெயர்.

ரயிலுக்கும் இந்த ஆய்வகத்துக்கும் சம்பந்தம் உண்டு. நுங்கம்பாக்கத்தில் நட்சத்திரங்கள் உச்சக்கோட்டைக் கடக்கும் கணத்தைத் தொலைநோக்கியில் பார்த்துத்தான் 'மெட்ராஸ் நேரம்' கணக்கிடப்பட்டது. ஆய்வகத்தின் தீர்க்கரேகையை 1802ல் ஜான் கோல்டிங்ஹாம் கணித்தார். அதன்படி கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். பின்னாளில் நாட்டின் ரயில்களே இந்த நேரத்துக்குத்தான் ஓடின. 1906ல் இந்திய நேரம் வரும் வரைக்கும் இதுதான் நிலை. ராயபுரத்து ஸ்டேஷன் மாஸ்டரின் கடிகாரம் நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் ஓடியது என்று சொன்னால் மிகை இல்லை.

எட்டு ஸ்டாப்

சரி, கேமராவுக்கு வருவோம். புகைப்படக்காரர்கள் வெளிச்சத்தை 'ஸ்டாப்' என்ற அளவில் கணக்கிடுகிறோம். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு. ஷட்டர் 10 விநாடியிலிருந்து 20 விநாடி ஆனால் ஒரு ஸ்டாப். ஐஎஸ்ஓ 100லிருந்து 200 ஆனால் ஒரு ஸ்டாப். அபர்ச்சரில் எஃப் 8லிருந்து 5.6, அங்கிருந்து 4, அங்கிருந்து 2.8, ஒவ்வொன்றும் ஒரு ஸ்டாப்.

வானியலாளரின் படி 2.512 மடங்கு, நம் படி 2 மடங்கு. இரண்டும் ஒரே மாதிரி பெருக்கல் படிகள், அளவுதான் வேறு. கணக்குப் போட்டால் ஒரு ஸ்டாப் என்பது சுமார் 0.75 மேக்னிடியூட். நான்கு ஸ்டாப் என்றால் மூன்று மேக்னிடியூட். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூரத்து நகர விளக்குகளை ராத்திரியில் எடுக்க நான் வழக்கமாக வைக்கும் செட்டிங்: ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 10 விநாடி. ஊருக்கு வெளியே நல்ல இருட்டில் நட்சத்திரங்களை எடுக்க எல்லோரும் சொல்லும் செட்டிங்: ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, 20 விநாடி. இரண்டுக்கும் எவ்வளவு தூரம்? ஐஎஸ்ஓவில் நான்கு ஸ்டாப், அபர்ச்சரில் மூன்று, ஷட்டரில் ஒன்று. மொத்தம் எட்டு. அதாவது 256 மடங்கு.

எட்டு ஸ்டாப்பை மேக்னிடியூடாக மாற்றினால் ஆறு. வானத்தில் ஆறு மேக்னிடியூட் என்பது, பளிச்சென்று எரியும் வேகா நட்சத்திரத்துக்கும், மின்சாரமே இல்லாத கிராமத்தில் நல்ல கண் உள்ளவர் பார்க்கக்கூடிய கடைசி மங்கல் நட்சத்திரத்துக்கும் உள்ள இடைவெளி. கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்கள் கிட்டத்தட்ட எல்லாமே அந்த ஆறுக்குள் அடங்கிவிடும். நகர விளக்குக்கும் இருண்ட வானத்துக்கும் கேமராவில் இருக்கிற இடைவெளியும் அதே ஆறு. ஒரே க்ளிக்கில் இரண்டும் வரவில்லை என்றால் அது கேமராவின் குற்றம் இல்லை.

குண்டூரில் இதே பிரச்சினை

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. 1868 ஆகஸ்ட் 18, முழு சூரிய கிரகணம். நிழல் இந்தியாவின் குறுக்கே போனது. பாக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார், பிரெஞ்சுக்காரர் ஜான்சென் குண்டூரில். அதே குண்டூரில் டென்னன்ட் என்ற ராணுவ அதிகாரி, தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்திக் காத்திருந்தார்.

அவரிடம் இருந்தது ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகடு. தகட்டில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். ஆகஸ்ட் மாத ஆந்திர வெயிலில்! அதன் வேகத்தை இன்றைய ஐஎஸ்ஓ கணக்கில் சொன்னால் 1 கூடத் தேறாது. முழு மறைவு ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் அவர் எதை எடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்பு பிரகாசமானது, அதைச் சுற்றிய கரோனா மங்கல். ஒன்றுக்கு ஏற்ற நேரம் வைத்தால் இன்னொன்று வராது.

டென்னன்டின் தகடுகளில் பிழம்பு விழுந்தது. 'பெரிய கொம்பு' என்று பின்னால் பெயர் பெற்ற ஒரு பிழம்பு அதில் தெளிவாக இருந்தது. கரோனா கிட்டத்தட்ட வரவில்லை. மூன்று ஆண்டு கழித்து 1871 டிசம்பர் 12 அன்று அடுத்த வாய்ப்பு. இந்த முறை டென்னன்ட் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும், லிண்ட்சே பிரபுவின் புகைப்படக்காரர் டேவிஸ் மேற்குக் கரையில் பேக்கலிலும் இருந்தார்கள். இந்தத் தடவை கரோனா விழுந்தது. பிறகு லண்டனில் வெஸ்லி என்ற ஓவியர், பல தகடுகளைப் பார்த்து, ஒவ்வொன்றிலும் எது தெளிவோ அதை எடுத்து, ஒரே ஓவியமாக வரைந்து தந்தார்.

இன்றைக்கு நாம் வேறு வேறு எக்ஸ்போஷரில் எடுத்து கம்ப்யூட்டரில் சேர்க்கிறோம். 'இது ஏமாற்று வேலை' என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வருகிறது. என்ன செய்தோம் என்று சொல்லிவிட்டுச் செய்தால் ஏமாற்று இல்லை.

தெற்கே ஒரு 14 டிகிரி

இப்போது இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம். பாக்சனின் ஆய்வகத்தில் முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1872ல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினர் ஆனார். 1874ல் சுக்கிரன் சூரியனைக் கடக்கும் நிகழ்வை மக்களுக்குப் புரியவைக்க, தமிழ் உட்படப் பல மொழிகளில் வரும்படி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் 1867ல் ஒரு மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பெயர் ஆர் ரெட்டிகுலி. ஏறத்தாழ 278 நாளுக்கு ஒருமுறை மங்கிப் பிரகாசிக்கும். மிகப் பிரகாசமாக இருக்கும்போதே 6.5 மேக்னிடியூட் அளவுதான், வெறும் கண்ணுக்கு எட்டாது.

சும்மா ஆர்வத்தில் அந்த நட்சத்திரத்தின் இருப்பிடத்தைப் பார்த்தேன். வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 63 டிகிரி. நுங்கம்பாக்கம் வடக்கே 13 டிகிரி. தொண்ணூறிலிருந்து இரண்டையும் கழித்தால் மீதி 14. அதாவது ஆர் ரெட்டிகுலி சென்னையில் அதிகபட்சம் ஏறும் உயரமே தெற்கு அடிவானத்திலிருந்து 14 டிகிரி!

நான் எண்ணூரில் தேடித் தோற்ற துருவ நட்சத்திரம் வடக்கே 13 டிகிரி. கிட்டத்தட்ட அதே உயரம்.

ஒப்பீடு முழுக்க நியாயமில்லை என்று எனக்கே தெரியும். அவரிடம் தொலைநோக்கி இருந்தது, என்னிடம் கண்ணும் ஒரு சாதாரணக் கேமராவும். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். அடிவானத்தை ஒட்டிய நட்சத்திரத்தின் வெளிச்சம், தலைக்கு மேலே இருப்பதை விட நான்கு மடங்குக்கும் அதிகமான காற்றைக் கடந்து வருகிறது. சுத்தமான காற்றிலேயே ஒரு மேக்னிடியூடுக்குக் குறையாமல் இழப்பு. கடற்கரை ஈரமும் புகையும் சேர்ந்தால் இன்னும் அதிகம். அந்த இழப்புக்குப் பிறகும், கண்ணுக்கே தெரியாத ஒரு நட்சத்திரம் மங்குகிறது என்று கவனிக்கிற அளவுக்கு நுங்கம்பாக்கத்தின் தெற்கு வானம் அன்று இருண்டிருந்தது. தெருவுக்கு மின்விளக்கு வர இன்னும் ஏறக்குறைய நாற்பது ஆண்டு இருந்தது. இன்று 2 மேக்னிடியூட் துருவ நட்சத்திரத்தை எண்ணூரில் நின்று என்னால் பார்க்க முடியவில்லை.

வடக்கு வானம் எப்படிப் போனது

வடசென்னையின் இரவு வெளிச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. முதலில் கலங்கரை விளக்கம். 1796ல் கோட்டைக்குள், 1844ல் இப்போதைய உயர் நீதிமன்ற வளாகத்துத் தூண், 1894ல் உயர் நீதிமன்றக் கோபுரத்தின் மேல், 1977ல் மெரினா. இவை ஒரு புள்ளி வெளிச்சங்கள், வானத்தைக் கெடுக்கவில்லை.

1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் வந்து, துறைமுகத்தை ஒட்டிய பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. சுமார் அரை மணி நேர வேலை. 'அவன் எம்டன்யா' என்ற வசவு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. வெளிச்சம் ஆபத்து என்று சென்னை கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். இரண்டாம் உலகப் போரில், 1942ல் ஊரே பயந்து காலியானபோது, விளக்குகளுக்கு முகமூடி போட்டார்கள்.

பிறகு தொழில் வந்தது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1960களில். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970ல் ஓட ஆரம்பித்து 2017ல் மூடப்பட்டது. ஆற்றுக்கு வடக்கே வடசென்னை அனல்மின் நிலையம் 1990களின் நடுவில். எண்ணூர் துறைமுகம், இப்போதைய காமராஜர் துறைமுகம், 2001ல். அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி. வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்கள், ஒவ்வொன்றாக வடக்கே நகர்ந்துகொண்டே போகிறது. எண்ணூர்க் கரையில் நின்று வடக்கே பார்ப்பவருக்கு, சரியாகத் துருவ நட்சத்திரத்தின் அடியில் போய் எல்லாம் உட்கார்ந்துகொண்டன. மைலாப்பூரில் நின்று கிழக்கே கடலைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் இருட்டு மிச்சம் இருக்கும். எங்களுக்கு வடக்கு போய்விட்டது.

இதில் விளக்கின் வகையும் சேர்ந்துகொண்டது. என் இளவயதில் தெருவெல்லாம் சோடியம் விளக்கின் மஞ்சள். பிறகு எல்இடி வெள்ளை வந்தது. மின்சாரம் மிச்சம், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளை எல்இடியில் 450 நானோமீட்டர் பக்கம் ஒரு நீல உச்சம் உண்டு. சோடியத்தின் மஞ்சள் 589. காற்று மூலக்கூறுகள் நீலத்தை அதிகம் சிதறடிக்கும், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில். கணக்குப் போட்டால் அந்த நீலம் அந்த மஞ்சளை விட சுமார் மூன்று மடங்கு சிதறும். விளக்கு கீழே பார்க்காமல் மேலேயும் பக்கத்திலும் பார்த்தால், அந்த மூன்று மடங்கும் வானத்துக்குத்தான்.

வானாய்வகத்தின் விலாசமும் மாறிக்கொண்டே போனது. 1786ல் வில்லியம் பெட்ரியின் எழும்பூர் வீடு, 1792ல் நுங்கம்பாக்கம், 1899ல் கொடைக்கானல், 1960களின் கடைசியில் ஜவ்வாது மலையின் காவலூர், 2000 வாக்கில் லடாக்கின் ஹான்லே. கொடைக்கானலுக்குப் போன காரணம் நகர வெளிச்சம் அல்ல, சூரிய ஆய்வு. அதற்கு உயரமான, தெளிந்த வானம் தேவைப்பட்டது. ஆனால் மொத்தமாகப் பார்த்தால், நட்சத்திரம் பார்ப்பவர்கள் எழும்பூரிலிருந்து ஹான்லேவுக்குப் போயிருக்கிறார்கள். அவர்களால் போக முடிந்தது. எண்ணூர்க்காரர்கள் எங்கே போவார்கள்?

மறுபடி எண்ணூர்

இத்தனையும் படித்த பிறகு, அடுத்த அமாவாசைக்குக் கணக்கோடு போனேன். விவரமாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

கேமராவின் சென்சார் ஏபிஎஸ்-சி அளவு, 24 மெகாபிக்சல். லென்ஸ் 24 மில்லிமீட்டர், எஃப் 2.8. பூமி சுற்றுவதால் நட்சத்திரம் விநாடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகரும். என் சாமானில் ஒரு பிக்சல் என்பது சுமார் 33 ஆர்க்செகண்ட். '500 விதி' என்று ஒன்று சொல்வார்கள்: 500ஐ லென்ஸின் குவிய தூரத்தால் வகுத்தால் கோடு விழாத அதிகபட்ச விநாடி. ஏபிஎஸ்-சிக்கு 24ஐ 1.5ஆல் பெருக்கி 36 என்று வைத்தால் சுமார் 14 விநாடி. ஆனால் அந்த 14 விநாடியில் தலைக்கு மேலே உள்ள நட்சத்திரம் ஆறு பிக்சல் நீளத்துக்கு இழுபடும். விதி ஃபிலிம் காலத்தது, கொஞ்சம் தாராளம். பாதியாக்கிக்கொள்வது நல்லது.

துருவ நட்சத்திரத்துக்கு ஒரு சலுகை. அது அச்சுக்குப் பக்கத்தில் இருப்பதால் நகர்வதே இல்லை எனலாம். எட்டரை நிமிடம் திறந்து வைத்தாலும் இரண்டரை பிக்சல்தான். அப்படியானால் நீளமாகத் திறந்து வைத்துவிடலாமே? முடியாது. வானத்தின் வெளிச்சமே சென்சாரை நிரப்பிவிடும். நகரத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது நட்சத்திரம் இல்லை, வானத்தின் அழுக்குதான். ஹிஸ்டோகிராமின் மேடு இடது ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். எனக்கு அது ஐஎஸ்ஓ 800, எஃப் 2.8, 8 விநாடியில் வந்தது. இருண்ட ஊரில் சொல்லும் செட்டிங்கை விட இரண்டு ஸ்டாப்புக்கும் மேல் குறைவு.

அதே செட்டிங்கில் தொடர்ந்து 64 படம். ரா ஃபைல், மேனுவல் ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் 4000 கெல்வின், இரைச்சல் நீக்கும் வசதி அணைத்து. எங்கள் தொழிலில் தினமும் செய்கிற வேலைதான் அடுத்தது: சராசரி. 64 படத்தைச் சராசரி எடுத்தால் இரைச்சல் 64ன் வர்க்கமூலம், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறையும். பாக்சன் கணக்கில் சொன்னால், இரண்டேகால் மேக்னிடியூட் ஆழமாகப் பார்க்கலாம். விளக்குகளுக்குத் தனியாக ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 10 விநாடியில் ஒரு படம்.

பெரியவர் அன்றும் இருந்தார். பேச்சுத் துணைக்கு எட்டரை நிமிடம் போதவில்லை. இப்போது எதை வைத்துக் கரைக்கு வருகிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார்.

"ஜிபிஎஸ் கீது தம்பி. அது இல்லன்னா அதோ சிம்னி மேல செவப்பு லைட்டு எரியுது பாரு, அதான் எங்களுக்கு வெள்ளி. நல்லாத்தான் தெரியுது, பொய் சொல்லக் கூடாது. ஆனா ஒண்ணு. அந்த லைட்ட அவன் அணைச்சா அணைஞ்சுபூடும். இது அப்படியா?"

1970ல் ஏற்றிய விளக்கு 2017ல் அணைந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

வீட்டுக்கு வந்து 64 படத்தையும் சேர்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. பின்னணி வெளிச்சத்தைக் கழித்ததும், புகைபோக்கிகளுக்கு மேலே, நடுவில் கொஞ்சம் இடது பக்கம், ஒரு சின்னப் புள்ளி. பிக்சல் பழுதோ என்று சந்தேகம். வேறு வேறு படங்களைத் தனித்தனியாகச் சேர்த்துப் பார்த்தேன். 32 படத்தில் மங்கலாக, 64ல் உறுதியாக. அதே இடத்தில் இருந்தது.

அடுத்த வாரம் ஃபோனில் அந்தப் படத்தை அவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "கீது பாரு, எங்கயும் போவல" என்றார். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பேரனைக் கூப்பிட்டு, இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். அந்தப் பையன் படத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து வடக்கே பார்த்தான். அது ஒரு பகல் நேரம், ஆனாலும் பார்த்தான்.

ரகுநாதாச்சாரியின் நட்சத்திரம் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் அவர் பார்த்தது மட்டுமல்ல, எப்போது, எவ்வளவு பிரகாசம் என்று எழுதி வைத்தது. அதனால் நானும் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி அமாவாசையை ஒட்டி, அதே இடம், அதே லென்ஸ், ஐஎஸ்ஓ 800, எஃப் 2.8, 8 விநாடி, 64 படம். அழகான படத்துக்காக அல்ல. ஹிஸ்டோகிராமின் மேடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது, அந்தப் புள்ளி தெரிய எத்தனை படம் தேவைப்பட்டது என்ற இரண்டு எண்களுக்காக. இந்த ஆண்டின் எண் 64. அடுத்த ஆண்டு 32ல் தெரிந்தால் சந்தோஷம். 128 ஆனால் அதையும் எழுதி வைப்பேன்.

உங்கள் ஊரில் வடக்கே என்ன இருக்கிறது என்று ஒரு ராத்திரி ஒரு முஷ்டி உயரத்தில் பாருங்கள். கேமராகூட வேண்டாம்.